பெயர் மாற்றமும் அதன் சான்றும்

(புதுச்சேரியில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் தமிழ் இலக்கணத்தைப்பற்றி யாதானும் பேச வேண்டுமென்று சங்கக் காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். அக்கட்டளையை யான் மீறவில்லை, பெயர்ச்சொல்லைப்பற்றியே பேசப்போகின்றேன். ஆனால் அது நன்னூலிற் கூறும் பெயர்ச்சொல்லன்று. பிறப்புச் சான்றிலும் பாஸ்போர்ட்டிலும் எழுதப்பெறும் பெயர்ச்சொல். இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பெயரை இருவகையாக மாணாக்கர்க்குப் பல்லாண்டு கற்பித்த யான், என் சொந்தப் பெயர்க்கு ஒரு காரணமும் சான்றும் காட்டமாட்டாமல் சென்ற ஆண்டு தலைகுனிந்து நின்றேன். என் மகளின் திருமணமே அதனால் நான்கு திங்கள் தடைப்பட்டது. அப்பிழை உங்கள் வீட்டிலும் நேராதிருத்தல் வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

என் கல்லூரிப் பருவத்தில், வடசொல்லாயிருந்த என் பெயரைத் தனித்தமிழாக மாற்றிக்கொண்டேன். வேதாசலம் என்ற பெயரினர் மறைமலையடிகளானதும், சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞரானதும் எம்போன்ற மாணாக்கர்க்கு அக்காலத்திற் பெரும் எழுச்சியை யூட்டின. நம் புதுவையிற் பிறந்து, ஆசிரியராகவும் தொழில் புரிந்த கனகசுப்புரத்தினம் அவர்கள் பாரதிதாசனாய் உலகறிய விளங்கியதையும் யாம் அறிவோம். யானும் முத்திரைத் தாளில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரியின் கையெழுத்தையும் வாங்கி, 'இனி இதுவே என் பெயர்' என்று வீடு வந்து சேர்ந்தேன். என் தாயார் அன்று அழுதார்கள். "நான் வைத்த பெயர் உனக்கு என்னடா குறை செய்தது?" என்று கேட்டார்கள். யான் அதற்கு மறுமொழி சொல்லவில்லை.

பிரமாணப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதோடு என் கடமை தீர்ந்தது என்று எண்ணினேன். வாக்காளர் அட்டையும், பின்னாளில் ஆதாரும் புதுப்பெயரில் அமைந்தன. பள்ளிப் பதிவேட்டிலும் அப்பெயரே ஏறிற்று. ஆனால் என் மகள் பிறந்தபோது குடும்ப அட்டையில் இருந்தது பழைய பெயர். மருத்துவமனையில் அதைப் பார்த்தே தந்தையின் பெயரை எழுதினர். அதனை யான் அப்போது கவனித்திலேன். அவள் வளர்ந்து பாஸ்போர்ட்டு எடுத்த காலையில், தமிழர்க்குக் குடும்பப்பெயர் இன்மையால், வழக்கம்போலத் தந்தையின் பெயரே அவளுக்குக் குடும்பப்பெயராக இடப்பட்டது. அது என் புதுப்பெயர். ஆகவே, என் மகளின் பாஸ்போர்ட்டிலுள்ள குடும்பப்பெயர் அவளுடைய பிறப்புச் சான்றில் எவ்விடத்தும் இல்லை!

நிற்க. அவளுக்கு வாய்த்த மணமகன் புதுவைக் குடும்பத்தவர்; பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர்; பாரிசு நகருக்கு அணித்தான ஓரூரில் வாழ்பவர். திருமணம் அவ்வூர் மேரியில் நடைபெறுவதென முடிவாயிற்று. மேரி என்பது நகரமன்றம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கடற்கரையில் 2014-ஆம் ஆண்டு மழையில் இடிந்து மீண்டும் எழுப்பப்பட்ட நம் கட்டடத்தை இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றோம். பிரெஞ்சு நாட்டில் மேரியில் நடப்பதே சட்டப்படி திருமணம். கோயிலிலும் மண்டபத்திலும் நடப்பது அதன் பின்னரே. திருமண அறிவிப்பு மேரியின் வாயிலிற் பத்து நாள் ஒட்டப்படும். அதற்கு முன்னர் மணமக்களின் பத்திரங்களை அதிகாரிகள் ஆராய்வர். அவ்வாராய்ச்சியில் எம் பத்திரங்கள் நிறுத்தப்பட்டன.

ஒருநாள் மாலை என் மகள் அருகில் வந்து நின்று, "அப்பா, என் பிறப்புச் சான்றில் உள்ளவர் யார் என்று கேட்கிறார்கள்" என்றாள். அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது. அவளை ஈன்ற தந்தை யானே. ஆனால் அதனைக் காட்டும் தாள் ஒன்றும் என்னிடமில்லை. இருபத்தெட்டு ஆண்டு காத்த பிரமாணப் பத்திரத்தை அனுப்பினேன். ஒருவர் தம்மைப்பற்றித் தாமே எழுதிக் கையெழுத்திட்ட தாள், நோட்டரி முன் எழுதப்பட்டதாயினும், அரசுப் பதிவாகாது என்று மறுமொழி வந்தது. குறித்த நாள் கழிந்தது. பயணச்சீட்டு வாங்கிய உறவினர் திருப்பிக் கொடுத்தனர். சம்பந்தியார் பொறுமையுடையவர்; "பிள்ளைகள் காத்திருப்பார்கள், நீங்கள் மனம் வருந்தாதீர்கள் ஐயா" என்றே சொன்னார். அப்பொறுமையே எனக்கு மிக்க வருத்தத்தைத் தந்தது.

அன்பர்களே! மேரியில் இருந்தவர்கள்மேல் யான் அப்போது சினந்தேன். பின்னர் இருநாட்டு முறைகளையும் நிதானமாய் ஆராய்ந்தபோது அவர்கள்பால் தவறில்லை என உணர்ந்தேன். இதனைச் சிறிது விளக்குகின்றேன்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி ஒரு சட்டம் பிறந்தது. எக்குடிமகனும் தன் பிறப்புப் பதிவிற் கண்ட பெயரன்றி வேறு பெயர் தாங்கலாகாது என்பது அதன் விதி. அங்குப் பெயர் என்பது ஒருவனுடைய விருப்பப் பொருளன்று. அரசு காக்கும் பொருள். பெயரை மாற்ற வேண்டின் அதற்கென விதித்த முறையிலேயே மாற்றுதல் வேண்டும். 2022-ஆம் ஆண்டு ஜூலை முதல், தாய் தந்தையருள் ஒருவருடைய குடும்பப்பெயரை ஏற்பதற்கு அம்முறை எளிதாக்கப்பட்டது. அதுவும் மேரியிற் பதிவு செய்தே நடைபெறும். அவ்வாறு மாறியதும், பிறப்புப் பதிவின் ஓரத்தில் அது குறிக்கப்படும். திருமணமும் மணமுறிவும் அவ்வாறே ஓரத்தில் ஏறும். எனவே பிரெஞ்சுப் பிறப்புப் பதிவு ஓர் உயிருள்ள ஏடு. மனிதனோடு கூடவே வளர்வது. அந்நாட்டிற் பிறந்தவர் மணம் செய்யும்போது மூன்று திங்களுக்கு மேற்படாத புதிய நகலைக் கேட்பதன் காரணமும் இதுவே.

நம் நாட்டிலோ பிறப்புப் பதிவு, பிறந்த அந்நாளின் செய்தியைக் கூறுவதோடு நின்றுவிடுவது. பருவமடைந்த ஒருவர் தமக்கு உவந்த பெயரைத் தாங்குவதைத் தடுக்கும் பொதுச்சட்டம் இந்தியாவில் இல்லை. மாற்றம் அவர் செய்கை. பத்திரங்கள் அச்செய்கைக்குச் சாட்சிகள். பிரெஞ்சு அதிகாரி பிறப்புப் பதிவில் மாற்றத்தைத் தேடுகின்றார். நாமோ பிறப்புப் பதிவைத் தவிர மற்றெல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கின்றோம். பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, பிறநாட்டில் அந்நாட்டு முறைப்படி எழுதிய பதிவை நம்புக என்றே கூறுகின்றது. ஆனால் வேறு பத்திரங்கள் அதனோடு முரண்படின் ஐயுறவும் இடந்தருகின்றது. எம் பத்திரங்கள் முரண்பட்டன, ஐயம் பிறந்தது.

ஈண்டு ஒரு வியப்பைக் கூறுதல் வேண்டும். மணமகனின் முன்னோர் ஒருவர் பிரெஞ்சிந்தியாவில் 'ரெனோன்சான்' ஆனவர். 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி வெளியான ஆணையின்படி, இந்துவோ கிறித்தவரோ முகம்மதியரோ, விரும்பியோர் தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை மேற்கொள்ளலாயிற்று. அவ்வாறு துறந்தோர் ஒரு குடும்பப்பெயரையும் தெரிந்தெடுத்துப் பதிதல் வேண்டும். அவ்வியக்கத்திற்கு முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை அவர்கள். ஐரோப்பியர் அணியும் சோடு அணிந்து நீதிமன்றம் புகுந்ததற்காகத் தடுக்கப்பட்டு, அவ்வழக்கைப் பாரிசு வரையிற் கொண்டுசென்று வென்றவர் அவர். அவர் ஏற்ற குடும்பப்பெயர் 'லா போர்த்த்'. வாயில் என்பது அதன் பொருள். சம்பந்தியாரின் முன்னோர் நூறாண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் ஏற்ற பெயர்க்குத் தேதியும் பதிவும் அவர் வீட்டிற் பத்திரமாய் இருக்கின்றன. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் யான் ஏற்ற பெயர்க்கு ஒன்றும் இல்லை. அவர் பெயரை மாற்றியது அரசுப் பதிவில். யான் மாற்றியது என் பெட்டியில்.

இனி, மேலே சொன்ன தடையினின்று மீள்வதற்கு எமக்கு இரண்டு வழிகள் தோன்றின. முதல்வழியைக் காட்டியவர் ஒரு தரகர். "பிறப்புச் சான்றிலேயே உங்கள் புதுப்பெயரை ஏற்றித் தருகிறேன், எவரும் அறியார்" என்றார். மகளின் முகத்தைப் பார்த்தபோது என் மனம் ஓரிரவு தடுமாறியது உண்மை. ஆயினும் ஆராய்ந்து பார்த்தால், 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் திருத்துவதற்கு இடம் தருவது பிழையையே, மாற்றத்தை அன்று. எழுதுவோர் கைதவறி ஓரெழுத்தை மாற்றி எழுதியிருப்பின் அது பிழை. சான்று காட்டித் திருத்தலாம். என் மகள் பிறந்தபோது குடும்ப அட்டையில் இருந்த பெயரை எழுதியது பிழையன்று. உண்மையான பதிவைப் பொய்யாக்கித் திருத்தினால், வெளிநாட்டார் இங்குள்ள மூலப்பதிவோடு ஒப்பிடுங்காலை எல்லாம் வெளியாகும். பின்னர் மணமும் இல்லை, மானமும் இல்லை. ஆதலின் அவ்வழியை விடுத்தேன்.

இரண்டாவது வழியை எனக்குக் காட்டியது நம் கல்வெட்டுத் தமிழ். சோழ மன்னர் பட்டமேற்றபின் புதுப்பெயரால் விளங்கினர். ஊர்களும் புதுப்பெயர் பெற்றன. கல்வெட்டெழுதியோர் பழம்பெயரை அழித்திலர். பழம்பெயரை முன்னர் எழுதிப் புதுப்பெயரைப் பின்னர் எழுதி, இரண்டினுக்கும் இடையே 'ஆன' என்னும் ஒரு சிறு சொல்லை வெட்டினர். 'இவ்வூர் ஆன இச்சதுர்வேதிமங்கலம்' என்றாற் போல்வது அது. நம் ஊர்ப் பழம்பத்திரங்களிலும் 'என்கிற' என்னும் சொல் அவ்வேலையைச் செய்கின்றது. பெயர் மாற்றத்தின் சான்றாவது புதுப்பெயரன்று, பழம்பெயரும் அன்று. இரண்டையும் பிணிக்கும் இந்த 'ஆன' என்னும் முடிச்சே. எம்மிடம் பெயர்கள் இரண்டும் இருந்தன, முடிச்சு இல்லை.

அரசினரும் இம்முறையையே கையாளுகின்றனர். 'பாண்டிச்சேரி' என்னும் பெயர் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி தொடங்கிப் 'புதுச்சேரி' ஆயிற்று. அதற்குமுன் பிறந்தோரின் சான்றுகளிற் பழைய பெயர் இருப்பதை எவரும் குற்றமாகக் கருதுவதில்லை. இரண்டினையும் இணைக்கும் சட்டம் இருக்கின்றதன்றோ!

தனிமனிதர்க்கு அம்முடிச்சைத் தருவது அரசு கெஜட்டு. புதுவை அரசின் கெஜட்டு இன்றும் தன் தலைப்பில் பிரெஞ்சுப் பெயரைத் தாங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பழம்பெயர், புதுப்பெயர், தந்தை பெயர், விலாசம் ஆகியவற்றைக் கூறும் பிரமாணப் பத்திரம் எழுதி, செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து, உரிய கட்டணத்தோடு அச்சுத்துறைக்கு விண்ணப்பித்தால் கெஜட்டில் வெளியாகும். யான் இருபத்தெட்டாண்டு கழித்து இப்போது அதனைச் செய்தேன்.

எம் அனுபவத்தாற் கண்டவற்றை வரிசையாகக் கூறுகின்றேன். வீட்டில் மணப்பருவத்துப் பிள்ளைகள் உள்ளோர் கருத்திற் கொள்க.

முதலாவது: பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட்டு ஆகியவற்றை ஒரு பலகைமேற் பரப்பி, மணமக்கள், தந்தை, தாய் மூவர் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. பிறநாட்டில் மணமக்களின் பெயரை மட்டுமன்றிப் பெற்றோர் பெயரையும் பதிவர் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது: வேறுபாடு கண்டால், அது பிழையா, மாற்றமா, எழுத்துமுறை வேறுபாடா என்று பகுத்தறிக. பிழையைப் பதிவாளரிடம் திருத்துக. மாற்றத்தைக் கெஜட்டால் நிலைநாட்டுக. எழுத்துமுறை வேறுபாடு நம் ஊருக்கே உரிய தொல்லை. 'முத்து' என்பதில் உள்ள உகரத்தை இங்கிலீஷ் எழுத்தில் ஓரெழுத்தாலும், பிரெஞ்சு முறையில் ஈரெழுத்தாலும் எழுதுவர். தாத்தா பிரெஞ்சு ஏட்டிலும், பேரன் இந்திய ஏட்டிலும் ஏறியிருந்தால், ஒரே பெயர் இரண்டு பெயராய்த் தோன்றும். இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்னும் பிரமாணப் பத்திரமும், தொடர்பைக் காட்டும் பழைய பதிவின் நகலும் வேண்டப்படும்.

மூன்றாவது: நம் சமூகப் பட்டப்பெயரை ஒரு பத்திரத்தில் எழுதி மற்றொன்றில் விட்டவர்கள் நம்முட் பலர். 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மகாநாடு சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானித்தபின் அதனை விட்டவரும் உளர்; விடாதவரும் உளர். அதன் நன்மை தீமை ஈண்டு ஆராய்ச்சியன்று. ஆனால் தந்தைக்கு மரியாதைச் சொல்லாயிருந்த பட்டம், பிரெஞ்சுப் பதிவிற் குடும்பப்பெயராய் நின்றுவிட்டால், அதனை விட்ட மகன் வேறு குடும்பத்தவனாகத் தோன்றுவான். விடுவதாயினும் வைப்பதாயினும் எல்லாப் பத்திரத்திலும் ஒருபடித்தாகச் செய்க.

நான்காவது: மணமான பெண்கள் கணவர் பெயரின் முதலெழுத்தை ஏற்பது நம் வழக்கம். பிரெஞ்சுச் சட்டத்தில் பெண்ணின் பிறப்புப்பெயர் மணத்தால் மாறுவதில்லை. கணவர் பெயர் வழங்குபெயர் மாத்திரமே. ஆதலின் தாயார்களே, உங்கள் பிறந்தகத்துப் பெயருள்ள பத்திரங்களை எறிந்துவிடாதீர்கள். மகளின் மணத்திற்கு அவை வேண்டியனவாகும்.

ஐந்தாவது: பத்திரங்கள் பிறநாட்டிற் செல்லுபடியாக 'அப்போஸ்டில்' என்னும் முத்திரை வேண்டும். 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி அமைந்த இம்முறையில் இந்தியா 2005-ஆம் ஆண்டு சேர்ந்தது. உள்ளூர் அரசு மெய்ப்பித்த பின்னர் இந்திய வெளியுறவு அமைச்சகம் அதனை இடும். ஆயின் ஒன்று: அம்முத்திரை கையெழுத்தும் பதவியும் உண்மை என்று மட்டுமே கூறும், உள்ளே எழுதிய செய்தி உண்மை என்று கூறாது. முரண்பட்ட இரு பத்திரங்களுக்கு முத்திரை இட்டால், முத்திரையிட்ட முரண்பாடே மிஞ்சும்.

ஆறாவது: மொழிபெயர்ப்பை அந்நாட்டார் ஒப்புக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடமே எல்லாவற்றையும் கொடுத்துச் செய்விக்க. மூவரிடம் கொடுத்தால் மூன்று எழுத்துமுறை வரும். மணம் நடக்கும் மேரி கேட்கும் பத்திரங்களின் பட்டியலை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்க. ஊருக்கு ஊர் கேட்பது சிறிது வேறுபடும்.

கடைசியாக: இவையனைத்தையும் நிச்சயதார்த்தத்திற்குப் பின் தொடங்காதீர்கள். பிள்ளை பள்ளியிறுதி வகுப்பை முடிக்கும் ஆண்டே தொடங்குங்கள். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியும் அதன்பின்னும் பிறந்த குழந்தைகட்குப் பிறப்புச் சான்றே தலைமைச் சான்றென இந்தியச் சட்டமும் ஆகிவிட்டது. இனிப் பிறக்கும் பேரப்பிள்ளைகளின் பதிவைப் பெற்றோர் படித்துப் பார்த்தே கையெழுத்திடல் வேண்டும்.

நம் சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி இந்நகரம் இந்திய ஆட்சிக்குள் வந்தது; 1956-ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற உடன்படிக்கை 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி செயலுக்கு வந்தது. அப்போது ஆறு திங்களுக்குள் சிலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டனர், மற்றையோர் இந்தியராயினர். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டு ஏட்டிலும் தம்பி மற்றொரு நாட்டு ஏட்டிலும் நின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று மணத்தால் மீண்டும் உறவு கொள்கின்றனர். ஆதலின், திங்களுக்கொரு ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சு அறிந்த ஓய்வுபெற்ற அன்பர் ஒருவரும் சட்டமறிந்த அன்பர் ஒருவரும் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, ஏழை எளியோரின் பத்திரங்களைக் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்வாராயின், அது அன்னதானத்திற்குக் குறைந்த தருமமாகாது. தமிழ் எழுத்துமுறையைப் பார்ப்பதற்கு யான் வரச் சித்தமாயிருக்கின்றேன்.

இன்னும் ஒரே சொல். கெஜட்டு வெளியான நாளில் அதன் படியொன்றை வாங்கி, கடற்கரையில் ஒரு பலகைமேல் அமர்ந்து படித்தேன். இருபத்தெட்டு ஆண்டாக யான் எழுதாத பெயர், என் தாயார் இட்ட பெயர், முன்னே நின்றது. யான் இட்டுக்கொண்ட பெயர் அதனையடுத்து நின்றது. இரண்டும் ஒரே வரியில், ஒன்றையொன்று மறுக்காமல், நின்றன. என் தாயார் இப்போது இல்லை. இருந்திருப்பின் அவ்வரியை அவர்கட்குப் படித்துக் காட்டி, "உங்கள் பெயர் ஒரு குறையும் செய்யவில்லை அம்மா, அஃதின்றி உங்கள் பேத்திக்குத் திருமணமே இல்லை" என்று சொல்லியிருப்பேன். அப்படியைக் கண்ட மேரியும் ஐயந் தீர்ந்தது, அறிவிப்பு ஒட்டப்பட்டது, மணமும் இனிதே நிறைவேறியது.

பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்ல யான் யார்? ஆனால் பழைய பெயரை அறுத்தெறியாமல், முடிச்சிட்டுப் பிள்ளைகள் கையிற் கொடுங்கள்.